புள்ளிக் காசு

ஆசிரியத் தொழிலில் இருப்பவனுக்குப் புள்ளி என்பது புதிய சொல்லல்ல. தவணைப் பரீட்சை முடிந்ததும் விடைத்தாள் கட்டோடு இரவிரவாக உட்கார்ந்து நாங்கள் போடுவது புள்ளி. பிள்ளையின் தாய் பாடசாலை வாசலில் முகம் வாடி நிற்பதும் புள்ளிக்காகத்தான். ஒருவன் பல்கலைக்கழகம் போவதா வயலுக்குப் போவதா என்று தீர்மானிப்பது வெட்டுப்புள்ளி. இந்தப் புள்ளிகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எழுதியவனுக்குத்தான் அது கிடைக்க வேண்டும். ஒருவன் எழுதியதற்கு மற்றொருவனுக்குப் புள்ளி போட்டால் அதற்கு வேறு பெயர்.

உலகத்தில் இன்னொரு வகைப் புள்ளியும் இருக்கிறது. பரீட்சை எழுதாமல், சாமான் வாங்குவதால் மட்டுமே சேர்கின்ற புள்ளி. கடனட்டையை நீட்டிச் சாமான் வாங்கினால் வங்கி அதைக் கணக்கில் எழுதும். சேர்ந்த பிறகு அதைக் கொண்டு விமானத்தில் பறக்கலாம். வெளிநாட்டில், நம் போன்றவர்கள் வாசலோடு திரும்பிவிடுகிற ஹோட்டல்களில், ஒரு சதமும் கொடுக்காமல் தங்கலாம். இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தவன் என் ராத்தாவின் மகன். அமெரிக்காவில் நியூ ஜேர்ஸி மாநிலத்தில் கொம்பியூட்டர் வேலை பார்க்கிறான்.

2024இல் ஒரு நாள் வட்ஸ்அப்பில் வந்து சொன்னான்: “மாமா, உம்மும்மாவ உம்ராவுக்குக் கூட்டிட்டுப் போங்க. மக்காவில ஹோட்டல் என்ட பொறுப்பு. ஹரத்துக்குக் கிட்ட, அஞ்சு நாள். காசுக்கில்ல, புள்ளியில எடுக்கிறன்.”

உம்மாவின் உம்ரா ஆசைக்கு நீண்ட வரலாறு உண்டு. அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பன்பாய் இழைத்த காசு, வயலின் குத்தகை நெல்லில் மிச்சம் பிடித்த காசு, சீட்டுக் காசு என்று பல போகங்களாகச் சேர்த்தவர். 2019இன் கடைசியில், முகவர் கேட்ட ஒன்றரை இலட்சம் ரூபா அவர் கையில் நிறைந்தது. 2020 பெப்ரவரி 27ஆம் திகதி, கொரோனாவுக்காக சவூதி அரேபியா வெளிநாட்டு உம்ரா யாத்திரிகர்களை நிறுத்தியது. வழி மீண்டும் திறந்து, சரி போகலாம் என்று இருக்கையில் 2022 வந்தது. 200 ரூபாவுக்கு இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாவைத் தொட்டது. உம்மாவின் காசு அலுமாரியில் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு தாளும் குறையவில்லை. ஆனால் அது பாதியாகிவிட்டது. 2024இல் முகவர் சொன்ன தொகை ஆளுக்கு மூன்றே முக்கால் இலட்சம். அந்த நாட்களில்தான் மருமகனின் அழைப்பு வந்தது.

நான் தொலைபேசியை உம்மாவிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உம்மா ஒரு கேள்விதான் கேட்டார்.

“புள்ளி எண்டு சொல்லுறாயே மனே, அது யார்ட காசு?”

“யார்டயும் இல்ல உம்மும்மா. சும்மா வாற.”

உம்மா அவனோடு வாதாடவில்லை. தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு, “சும்மா வாற சாமான் எண்டு ஒண்டு இந்த உலகத்தில இரிக்கா மகன்? நீ படிச்சவன்தானே, பாத்துச் சொல்லு” என்றார்.

இதைச் சந்தேகப்படுகிற கிழவியின் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ புறப்படுகிறவர் முதலில் கடன்களைத் தீர்க்க வேண்டும். பின்னர் வீடுவீடாகப் போய், “ஏதும் ஹக்கு இருந்தாப் பொருந்திக் கொள்ளுங்க” என்று கேட்க வேண்டும். வேலித் தகராறில் பத்து வருடம் முகம் பார்க்காதவரின் முற்றத்திலும் போய் நிற்க வேண்டும். போகிற காசில் மற்றவரின் ஹக்கு ஒரு சதமும் கலந்திருக்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் தெரிந்த சட்டம். யாருடைய காசு என்று தெரியாமல் யாரிடம் போய்ப் பொருத்தம் கேட்பது? உம்மாவின் சிக்கல் அதுதான்.

ஆகவே பார்க்கத் தொடங்கினேன்.

புள்ளியின் வரலாறு நீளமானதல்ல. ‘டைனர்ஸ் கிளப்’ என்ற அட்டை 1950இல் நியூயோர்க்கில் வந்தது. 1958இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸும், இன்று வீஸா என்று அறியப்படும் அட்டையின் மூலவடிவமும் வந்தன. அப்போதெல்லாம் புள்ளி கிடையாது. 1981இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் தன் பயணிகள் பறந்த மைல்களை எண்ணிப் பரிசு கொடுக்க ஆரம்பித்தது. ஹோட்டல்களில் மரியட் 1983இலும், ஹில்டன் 1987இலும் அந்த வழியில் இறங்கின. பிறகு வங்கிகள் உள்ளே வந்தன. அட்டையால் செலவழிக்கிற ஒவ்வொரு டொலருக்கும் புள்ளி. அந்தப் புள்ளியை விமானக் கம்பனிக்கும் ஹோட்டலுக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

வங்கி அந்தப் புள்ளிகளை விமான, ஹோட்டல் நிறுவனங்களிடமிருந்து காசு கொடுத்து வாங்குகிறது. இதில் புரள்கிற காசு எவ்வளவென்றால், 2020இல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடட் எயார்லைன்ஸ் தன்னுடைய புள்ளித் திட்டத்தை ஈடு வைத்துப் பல நூறு கோடி டொலர் கடன் எடுத்தது. நாங்கள் வயலையும் நகையையும் அடகு வைக்கிறோம். அவர்கள் புள்ளியை அடகு வைத்தார்கள்.

மருமகனின் கணக்கு இப்படி. அவனிடம் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டை இருக்கிறது. புதிய அட்டை எடுத்து முதல் சில மாதங்களில் குறித்த தொகைக்குச் செலவழித்தால் ஒரேயடியாகப் பல்லாயிரம் புள்ளி போடுவார்கள். மீதி வீட்டுச் சாமான், பெற்றோல், தொலைபேசிக் கட்டணம் என்று சேர்ந்தது. 2024இல் அந்த அட்டையின் 1 புள்ளி ஹில்டனுக்கு மாறினால் 2 புள்ளி. அவன் 140,000 புள்ளிகளை மாற்றி 280,000 ஆக்கினான். மக்காவில் ஜபல் உமர் பகுதியிலுள்ள ஹில்டன் குழுமத்து ஹோட்டல் ஒன்றில் நாங்கள் போகிற நாட்களுக்கு ஓரிரவு 70,000 புள்ளி காட்டியது. நான்கிரவுக்கு 280,000. புள்ளியால் ஐந்திரவு எடுத்தால் நான்குக்கே கணக்கு. ஹில்டனில் அதற்குக் குறித்த ஓர் அங்கத்துவப் படி வேண்டும், அது அவனிடம் இருந்தது. அதே அறையைக் காசுக்கு எடுத்தால் ஓரிரவு 1,100 ரியால். எங்கள் காசில் 88,000 ரூபா. என் ஒரு மாதச் சம்பளம் அவ்வளவு வராது.

புள்ளியும் உம்மாவின் அலுமாரிக் காசைப் போலத் தேயும் என்று அவன் சொன்னான். முன்னர் எந்த ஹோட்டலுக்கு எத்தனை புள்ளி என்று நிலையான பட்டியல் இருந்ததாம். ஹில்டன் 2017இலும் மரியட் 2022இலும் அதை எடுத்துவிட்டன. அன்றன்றைய நிலவரப்படி அவர்கள் சொல்வதுதான் விலை. “அதால வெச்சிட்டு இருக்கப்படா மாமா, கிடைச்ச கையோட செலவழிச்சிரணும்” என்றான். புள்ளிக்கும் பணவீக்கம் உண்டு என்பது எனக்குச் சட்டென விளங்கியது. 2022ஐக் கடந்து வந்தவனுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனி, யார்ட காசு?

ஒருவர் அட்டையை நீட்டி 100 டொலருக்குச் சாமான் வாங்கினால் கடைக்காரருக்கு 100 டொலர் போய்ச் சேர்வதில்லை. அமெரிக்காவில் கடனட்டைக்கு ஏறக்குறைய 2 முதல் 3 வீதம் வரை இடையில் கழிபடும். அட்டை கொடுத்த வங்கி அதில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியைப் புள்ளியாக வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இந்தக் கழிவுதான் புள்ளியின் ஊற்று என்பதற்கு ஐரோப்பா சாட்சி. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் வங்கிக்குப் போகும் இந்தக் கழிவு கடனட்டைக்கு 0.3 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டம் செய்தது. அதன்பின் அங்கு புள்ளிகள் மெலிந்துவிட்டன. அமெரிக்காவில் கடனட்டைக்கு அப்படியொரு எல்லை இல்லை. அதனால்தான் அங்குள்ளவர்கள் புள்ளியில் உலகம் சுற்றுகிறார்கள்.

கடைக்காரர் இந்தக் கழிவைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து போடுவாரா? ஒரு நாள் பத்தாம் வகுப்பில் வீதங்கள் பாடம் வந்தபோது இதையே கணக்காகக் கரும்பலகையில் எழுதினேன். ஒரு கடைக்கு 100 பேர் வருகிறார்கள். ஒவ்வொருவரும் 100 ரூபாவுக்கு வாங்குகிறார்கள். 50 பேர் அட்டையால் கொடுக்கிறார்கள், 50 பேர் காசாகக் கொடுக்கிறார்கள். அட்டைக்காரர் ஒவ்வொருவராலும் கடைக்கு 3 ரூபா நட்டம். மொத்தம் 150 ரூபா. எல்லோருக்கும் ஒரே விலைதான் போட வேண்டுமென்றால் கடைக்காரர் எவ்வளவு கூட்டுவார்? பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள்: ஆளுக்கு ஒன்றரை ரூபா. இப்போது, அட்டைக்காரருக்கு வங்கி 2 ரூபா பெறுமதியான புள்ளி கொடுக்கிறது. அவருடைய இலாப நட்டம் என்ன?

பின்வாங்கில் இருக்கிற பையன் ஒருவன் எழும்பினான். கணக்கில் அவனுக்கு நான் ஒருபோதும் நாற்பதுக்கு மேல் போட்டதில்லை. “சேர், கார்ட்காரனுக்கு அம்பது சதம் லாபம். மத்தவனுக்கு ஒண்டரை ரூவா நட்டம். அப்ப கார்ட் இல்லாதவன்தானே கார்ட்காரனுக்குக் குடுக்கிற?”

அமெரிக்காவின் பொஸ்டன் பெடரல் ரிசேர்வ் வங்கியின் பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. அவர்களுடைய கணக்கில், காசு கொடுத்து வாங்குகிற ஒரு குடும்பம் அட்டையால் வாங்குகிற குடும்பங்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 149 டொலர் கொடுக்கிறது. அட்டையால் வாங்குகிற ஒரு குடும்பத்துக்குக் காசுக்காரர்களிடமிருந்து ஆண்டுக்கு 1,133 டொலர் போய்ச் சேருகிறது. அங்கே காசு கொடுப்பவர்கள் யார்? பெரும்பாலும் வறியவர்கள், வங்கி அட்டை கொடுக்காதவர்கள். அட்டைக்காரர்களில் வசதியுள்ளவர்களே கூடுதல். யாரும் யாரிடமும் பறிக்கவில்லை. யாருக்கும் யாரையும் தெரியாது. விலையோடு விலையாக அது நகர்ந்துவிடுகிறது.

இன்னொரு ஊற்றும் இருக்கிறது. அது வட்டி. மாத முடிவில் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறவனுக்கு வட்டி இல்லை; மருமகன் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். கட்ட முடியாதவர்கள் வட்டி கட்டுகிறார்கள். 2023இல் அமெரிக்கர்களின் கடனட்டைக் கடன் ஒரு இலட்சம் கோடி டொலரைத் தாண்டியது. வட்டியோ சராசரியாக 20 வீதத்துக்கு மேல். வங்கியின் கஜானாவில் அந்த வட்டியும் கடைக்காரரின் கழிவும் ஒரே குடத்துத் தண்ணீர். எந்தத் துளி புள்ளியாக வந்தது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

வட்டி கட்டுகிறவன் எப்படியிருப்பான் என்று பார்க்க நான் அமெரிக்கா போக வேண்டியதில்லை. எங்கள் பாடசாலையில் என்னோடு படிப்பிக்கிற நண்பர் ஒருவர், நகரத்தில் மேசை போட்டு நின்ற வங்கிப் பிள்ளைகளிடம் அட்டை எடுத்தவர். 2022இல் எங்கள் நாட்டில் கடனட்டை வட்டி 30 வீதத்துக்கும் மேலே ஏறியபோது, மாதாமாதம் ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தார். கட்டக் கட்ட முதல் அப்படியே நின்றது. மனைவியின் காப்பு இரண்டையும் விற்றுத்தான் வெளியே வந்தார். “புள்ளி ஏதும் கிடைச்சதா?” என்று கேட்டேன். “கிடைச்சதே, ஒரு ரைஸ் குக்கர்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இவ்வளவையும் எடுத்துக்கொண்டு எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் போனேன். வயதில் இளையவர், பொறுமையாகக் கேட்டார். சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 2000ஆம் ஆண்டு றியாதில் கூடி இதுபற்றிக் கொடுத்த தீர்மானத்தைச் சொன்னார். தாமதித்தால் வட்டி என்ற நிபந்தனையுள்ள கடனட்டையை, தவணைக்குள் கட்டிவிடும் எண்ணமிருந்தாலும், பாவிக்கக்கூடாது என்பது அந்தத் தீர்மானம். அதற்கு மாறாக, மேற்கு நாடுகளில் வாழ்கிறவர்களுக்கு அட்டையின்றிக் காரியம் நடவாது என்பதால், ஒருபோதும் வட்டி கட்டாதவாறு முழுத்தொகையையும் செலுத்திவிடுபவருக்குச் சில உலமாக்கள் இடம் கொடுக்கிறார்கள். மருமகன் அந்தக் கருத்தைப் பின்பற்றுகிறான். “கருத்து வேறுபாடுள்ள விடயம் சேர். அவரை ஹறாமில விழுந்திட்டார் எண்டு சொல்ல எனக்கு ஏலா” என்றார்.

அதே தீர்மானத்தில் இன்னொரு வாசகம் என்னைப் பிடித்து நிறுத்தியது. வங்கி கடைக்காரரிடம் கழிவு எடுக்கலாம். ஆனால் கடைக்காரர் அட்டைக்கும் காசுக்கும் ஒரே விலையில் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அட்டைக்காரரிடம் கூடுதலாக எடுத்தால் கடனுக்கு மேல் வைத்த வட்டி போல் ஆகிவிடும் என்ற அச்சத்தில் உலமாக்கள் இதை வைத்திருக்கிறார்கள் என்று நான் விளங்கிக்கொண்டேன். எங்கள் நகரத்துக் கடைகளில் அட்டை என்றால் நூற்றுக்கு 2, 3 ரூபா கூடக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கக்கூடாது என்பதே மத்திய வங்கியின் அறிவுறுத்தலும். ஆனால் ஒரே விலை என்றால், என் வகுப்புப் பையன் சொன்ன அந்த ஒன்றரை ரூபா காசுக்காரனின் தலையில் விழுகிறது. ஒரு பக்கம் வட்டியை அடைத்தால் மறுபக்கத்தால் ஏழையின் ஹக்கு ஒழுகுகிறது. தீர்மானம் செய்தவர்களைக் குறைசொல்ல நான் ஆளல்ல. அட்டை என்ற சாதனமே அப்படி அமைந்திருக்கிறது. புள்ளி என்ற இனிப்பு அதற்குள் இருக்கும் வரைக்கும் யாரோ ஒருவர் அதற்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து உம்மாவுக்குச் சொன்னேன். உலமாக்களின் பேச்சையும் பொருளியலாளர்களின் பேச்சையும் சுருக்கி, எங்கள் மூலைக்கடையை வைத்தே விளங்கப்படுத்தினேன். உம்மா வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப அந்த ஊருல கார்ட் இல்லாத ஏழையள்ட காசு, கொஞ்சம் கொஞ்சமா.”

“ஓம் உம்மா. எல்லாம் இல்ல. அதுவும் கலந்திருக்கு.”

“பொடியன் களவெடுக்கல்லயே?”

“இல்ல உம்மா. சட்டப்படிதான்.”

நான் எதிர்பார்த்தது இரண்டில் ஒன்று. வேண்டாம் என்பார், அல்லது நீயே பார்த்துக்கொள் என்பார். உம்மாவின் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. எங்கள் முகவர் ஆட்களைத் தங்க வைப்பது மிஸ்பலா பக்கம். அங்கிருந்து ஹரத்துக்கு வேகமாக நடப்பவனுக்கே இருபது நிமிடம். அவ்வளவு தூரத்திலிருந்து ஐந்து வக்துக்கும் உம்மாவால் போய்வர முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். பேரன் ஆசையாகக் கொடுப்பதை மறுத்தால் அவன் மனம் உடையும் என்பதும் உம்மாவுக்குத் தெரியும்.

“அந்த ரூமுக்கு நம்மட ஏஜென்ட் எவ்வளவு கழிப்பாராம்?” என்று கேட்டார்.

விசா, விமானம், மதீனாவின் தங்குமிடம் எல்லாம் முகவரூடாகவே. மக்கா அறையை மட்டும் கழித்தால் இருவருக்கும் சேர்த்து 90,000 ரூபா குறைப்பதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார்.

“அந்தத் தொண்ணூறும் நம்மட காசில்ல. நாம குடுக்க வெச்சிருந்த காசு. குடுத்திட்டுப் போவம். அமெரிக்காவில அந்த ஏழையள எங்க மகன் தேடுற? இஞ்ச இரிக்கிறவங்களுக்குக் குடு.”

மறுநாள் அஸருக்குப் பிறகு நான் மூலைக்கடைக்குப் போனேன். 2022க்குப் பிறகு அந்தக் கடையின் கடன் கொப்பி தடித்துப்போயிருந்தது. பால்மா, பருப்பு, மண்ணெண்ணெய் என்று எழுதி, கட்ட முடியாமல் கடைப் பக்கமே வராமல் சுற்றிப்போகிறவர்கள் இருந்தார்கள். ஆகவும் ஏலாதவர்களின் கணக்கை அந்தத் தொகை முடியும் வரைக்கும் வெட்டிவிடும்படி கடைக்காரக் காக்காவிடம் சொன்னேன். பெயர்களை எனக்குச் சொல்ல வேண்டாம். அவர்களுக்கும் எங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம். உம்மாவின் கட்டளை அது. காக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். பதினொரு பேரின் கணக்கு வெட்டுப்பட்டது.

மௌலவியிடம் இதைச் சொன்னபோது, “உரியவரத் தேடிக் கண்டுபிடிக்க ஏலாத பொருள அவர் பேரில தர்மம் செய்யலாம் எண்டு பல இமாம்கள் சொல்லியிருக்காங்க. உங்கட விசயம் அந்த அளவுக்கு வராது. உம்மாக்கு இது கடமையுமில்ல. இது பேணுதல்” என்றார். பேணுதல் என்ற சொல்லை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

மக்காவில் எங்களை இறக்கிவிட்ட இடத்தில் நிமிர்ந்து பார்த்தால் மணிக்கூட்டுக் கோபுரம். 601 மீற்றர் உயரம். உஸ்மானியர் காலத்து அஜ்யாத் கோட்டை நின்ற மேட்டில், 2002இல் அதை இடித்துவிட்டுக் கட்டிய தொகுதி அது. மன்னர் அப்துல் அஸீஸின் பெயரிலான வக்பு. ஹரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் உலகத்தின் பெரிய ஹோட்டல் குழுமங்களின் பெயர்ப் பலகைகள். உம்ராவுக்காக இங்கு வருகிற ஆண்கள் எல்லோரும் ஒரே இரண்டு துண்டு வெள்ளைத் துணியில்தான் வருகிறார்கள். துணி ஒன்று, படுக்கை ஒன்றல்ல.

வரவேற்பு மேசையில் கடவுச்சீட்டுகளைக் கொடுத்தேன். எங்கள் பெயரில் பதிவு சரியாக இருந்தது. பிறகு அந்த இளைஞர் மரியாதையாகக் கடனட்டை கேட்டார். அறையில் ஏதும் மேலதிகச் செலவு வந்தால் பிடித்துக்கொள்ள ஈடாக வைப்பதாம். பெரிய ஹோட்டல்களின் வழக்கமாம். என்னிடம் இருந்தது சம்பள வங்கியின் பண அட்டை. ரியால் தாளாகக் கொடுக்கலாமா என்று கேட்டேன். வாங்கிக்கொண்டு பற்றுச்சீட்டுத் தந்தார். மின்தூக்கியில் ஏறும்போது கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். அந்த ஹோட்டலில் அன்றிரவு காசைத் தாளாக எண்ணிக் கொடுத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

அறையின் ஜன்னலில் ஹரத்தின் மினாராக்கள் தெரிந்தன. உம்மா நெடுநேரம் பேசாமல் நின்றார். பின்னர் மெத்தையைத் தொட்டுப்பார்த்துவிட்டு, முதுகு வலிக்கும் என்று சொல்லித் தன் போர்வையைக் கம்பளத்தில் விரித்துப் படுத்தார். தவாபையும் ஸஃயையும் சக்கர நாற்காலியில் முடித்தோம். ஆனால் ஐந்து நாட்களும் ஐந்து வக்தும் உம்மா தன் காலால் நடந்து ஹரத்துக்குப் போனார். தஹஜ்ஜுதுக்கும் போனார். அருகில் இருப்பது என்றால் என்ன என்பதை நான் அப்போதுதான் விளங்கினேன். ஏலாதவர்களுக்குத்தான் அந்த அறைகள் தேவை. அவர்களில் பெரும்பாலானோர் மிஸ்பலாவிலும் அதற்கு அப்பாலும் இருக்கிறார்கள்.

எங்கள் குழுவில் ஊர்க்காரப் பெண் ஒருவர் வந்திருந்தார். உம்மாவின் வயது, உம்மாவின் முழங்கால். லுஹருக்கு வந்தால் திரும்பிப் போய் அஸருக்கு மீண்டும் வர முடியாமல், வெளி முற்றத்தில் நிழல் தேடி உட்கார்ந்திருப்பார். இரண்டாம் நாள் உம்மா அவரைக் கையோடு அறைக்குக் கூட்டிவந்துவிட்டார். மேசையில் கேட்டேன், பகலில் விருந்தாளி வந்து போகத் தடையில்லை என்றார்கள். அன்றிலிருந்து லுஹருக்கும் அஸருக்கும் இடையில் அந்த அறை இரண்டு பெண்களுக்கும் உரியது. நான் ஹரத்திலேயே இருந்துவிடுவேன். உம்மா படுக்காத அந்த மெத்தையில் அவர்தான் படுத்தார்.

கடைசி நாள் கணக்கு முடிக்கும்போது ஒரு தாளைத் தந்து கையொப்பம் கேட்டார்கள். ஐந்திரவு எழுதி, கட்ட வேண்டிய தொகை என்ற இடத்தில் பூச்சியம் போட்டிருந்தது. என் ரியால் தாள்களும் திரும்பி வந்தன.

“எவ்வளவாம் மகன்?”

“ஒண்டுமில்ல உம்மா.”

“நாம குடுத்திட்டுத்தானே வந்த” என்றார் உம்மா, பையின் வாரை இறுக்கிக்கொண்டே.

ஊருக்கு வந்த பிறகு மருமகனிடம் எல்லாவற்றையும், கடைக்கொப்பி உட்பட, சொன்னேன். கொஞ்ச நேரம் அவனிடமிருந்து பதில் வரவில்லை. பிறகு, தான் இறைச்சி வாங்குகிற சிறிய ஹலால் கடையைப் பற்றிச் சொன்னான். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒருவர் நடத்துவதாம். அட்டையை நீட்டும்போதெல்லாம் அவர் முகம் ஒரு மாதிரியாகப் போவதை அவன் கண்டிருக்கிறான். அந்தக் கடையில் இனிக் காசுதான் கொடுப்பேன் என்றான். கொடுத்தும் வருகிறான். அட்டையை அவன் விடவில்லை. விடு என்று நானும் சொல்லவில்லை. முழுத்தொகையையும் மாதம் பிந்தாமல் கட்டுகிறான். அடுத்த புள்ளிகளில் தன் உம்மாவை, அதாவது என் ராத்தாவை, அனுப்பும் எண்ணத்தில் இருக்கிறான்.

எங்கள் ஊரிலிருந்து பிள்ளைகள் இப்போது கனடா, அவுஸ்திரேலியா, இங்கிலாந்து, வளைகுடா என்று பரந்திருக்கிறார்கள். இந்தப் புள்ளிக் கதை இன்னும் பல வீடுகளுக்கு வரும். ஏற்கெனவே இரண்டு பேர் என்னிடம் வந்து, “சேர், புள்ளியில உம்ரா போகலாமா?” என்று கேட்டுவிட்டார்கள். மார்க்கத் தீர்ப்பு என் வேலையல்ல. அதற்கு மௌலவியிடம் அனுப்புகிறேன். அனுப்புவதற்கு முன்னர், கரும்பலகைக் கணக்கை ஒரு கடதாசியில் போட்டுக் காட்டுகிறேன். அதன் பின்னர் உம்மா செய்ததைச் சொல்கிறேன். இருவரில் ஒருவர், அறைக்கு மிச்சமாகிற தொகை எவ்வளவு என்று முகவரிடம் கேட்கப் போயிருக்கிறார்.